அணைத்து விற்கப்பட்ட ஃபயர்வால்: விண்டோஸ் எக்ஸ்பி குறித்த நிகழ்வு ஆய்வு

கணினிக்குக் கணினி தானே பரவும் தீநிரலான பிளாஸ்டர் புழு 2003 ஆகஸ்ட் 11 அன்று பரவத் தொடங்கியது. அது புகுந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் அதைத் தடுத்திருக்கக்கூடிய ஃபயர்வால் (வலை வழியாக வரும் இணைப்புகளை விதிப்படி அனுமதிக்கும் அல்லது தடுக்கும் காவல் மென்பொருள்) ஒன்று ஏற்கெனவே இருந்தது. எக்ஸ்பி விற்பனைக்கு வந்த 2001 அக்டோபர் 25 முதலே இருந்தது, ஆனால் அணைத்த நிலையில். அதை இயக்க நெட்வொர்க் இணைப்புகளைத் திறந்து, இணைப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி, பிராப்பர்ட்டீஸுக்குள் 'அட்வான்ஸ்டு' தாவலுக்குப் போய், ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். அதையும் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அப்படியொரு கட்டம் இருப்பதே வீட்டில் கணினி வைத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

இயங்குதளம் ஃபயர்வால் விதிகளோடு வர வேண்டுமா, அல்லது அதைப் பயனரின் விருப்பத்துக்கு விட்டுவிடலாமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அந்த வாதத்தை உரசிப் பார்க்க எக்ஸ்பியைவிட நல்ல களம் கிடைப்பது கடினம். ஒரே இயங்குதளம், ஏறக்குறைய அதே பயனர்கள், மூன்று ஆண்டுகளுக்குள் ஃபயர்வால் அணைந்திருந்த காலத்தையும் இயல்பாகவே இயங்கிய காலத்தையும் பார்த்துவிட்டார்கள். எங்கள் முடிவு இது: விதிகள் வேண்டும், உள்வரும் இணைப்புகள் மூடிய நிலையில்தான் இயங்குதளம் வர வேண்டும். ஆனால் மூடுவது எளிய வேலை. எதை, யாருக்கு, யார் சொல்லித் திறக்கிறது என்பதில்தான் ஒரு விதித்தொகுப்பின் தரம் தெரியும். எக்ஸ்பியின் கதையில் முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாம் பாதியில்தான் பாடம் அதிகம்.

135, 4444, 69

பிளாஸ்டர் பயன்படுத்திய ஓட்டை, வேறொரு கணினியின் நிரல் இங்குள்ள நிரலை அழைக்க உதவும் ஆர்பிசி சேவையில் இருந்தது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2003 ஜூலை 16 அன்றே எம்எஸ்03-026 என்ற எண்ணில் வெளியிட்டுவிட்டது. புழு வந்தது 26 நாள் கழித்து.

தாக்குதல் மூன்று படிகளில் நடந்தது. முதலில் டிசிபி 135-ஆம் போர்ட்டுக்கு இணைப்பு வரும் (போர்ட் என்பது கணினியின் சேவைகளுக்கான எண்ணிட்ட வாசல்; டிசிபி, யுடிபி இரண்டும் தரவு அனுப்பும் முறைகள்). அதில் அனுப்பப்படும் நீளமான தரவு ஆர்பிசி சேவையின் நினைவகத்தை மீறிப் பாயும். அடுத்து, பாதிக்கப்பட்ட கணினியின் டிசிபி 4444-இல் ஒரு கட்டளைச் சாளரம் திறக்கும். அதன் வழியாக, தாக்கும் கணினியின் யுடிபி 69-இலிருந்து டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை மூலம் 6,176 பைட் அளவுள்ள ஒரு கோப்பை எடுத்து ஓடவிடச் சொல்லும். முதல் இரண்டு படிகளும் வெளியிலிருந்து உள்ளே வருபவை. யாரும் கேட்காமல் வரும் இணைப்பை ஏற்காத ஃபயர்வால் இருந்தால் கதை முதல் படியிலேயே முடிந்திருக்கும். திருத்தம் போட்டிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

பலர் இந்தப் புழுவை அறிந்துகொண்டது புழுவின் பிழையால்தான். எக்ஸ்பிக்கும் விண்டோஸ் 2000-க்கும் தாக்குதலில் பயன்படும் நினைவக முகவரி வேறு வேறு. எதிரில் இருப்பது எது என்று பிளாஸ்டர் சோதிக்கவில்லை. 80 விழுக்காடு எக்ஸ்பி முகவரியையும் 20 விழுக்காடு 2000 முகவரியையும் குருட்டாம்போக்கில் தேர்ந்துகொண்டது. தவறான முகவரி போனால் தொற்றாது, ஆர்பிசி சேவை விழுந்துவிடும். அந்தச் சேவை விழுந்தால் கணினியை மறுதொடக்கம் செய் என்பது எக்ஸ்பியின் அமைப்பு. திரையில் 60 விநாடி எண்ணிக்கை ஓடும். 'ரன்' பெட்டியில் ஷட்டவுன் கட்டளையை 'ஏ' சுவிட்சுடன் கொடுத்தால் அது நிற்கும். இல்லாவிட்டால் திருத்தத்தைப் பதிவிறக்கி முடிக்கும் முன்பே கணினி அணைந்து எழும், மறுபடியும் அடி வாங்கும்.

அப்போது மைக்ரோசாஃப்ட் தந்த வழிகாட்டலில் முதல் படி ஃபயர்வாலை இயக்குவது, அதன் பிறகே திருத்தம், அதன் பிறகே வைரஸ் எதிர்ப்பு மென்பொருள். சரியான வரிசைதான். மருந்துச் சீட்டின் முதல் வரியே 'நாங்கள் அணைத்துத் தந்ததை இயக்குங்கள்' என்று இருந்ததைத்தான் கவனிக்க வேண்டும்.

2001-இன் குறுவட்டிலிருந்து புதிதாக நிறுவுபவர்களின் நிலை இன்னும் மோசம். திருத்தத்தைப் பெற இணையத்தில் இணைய வேண்டும்; இணைந்தால் திருத்தம் வரும் முன் புழு வரும். திருத்தப்படாத ஒரு விண்டோஸ் கணினி இணையத்தில் சராசரியாக எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று சான்ஸ் நிறுவனத்தின் இணையக் கண்காணிப்பு மையம் கணக்கிட்டுவந்தது. 2004-இல் அது சுமார் 20 நிமிடம். 'திருத்தங்களை ஒழுங்காகப் போட்டால் போதாதா' என்ற வாதம் இந்த 20 நிமிடத்தில் அடிபட்டுப் போகிறது. நிறுவி முடித்ததற்கும் திருத்தம் போட்டு முடித்ததற்கும் நடுவில் உள்ள நேரத்துக்குப் பயனரின் ஒழுக்கம் உதவாது. இயங்குதளத்தோடு வரும் விதி மட்டுமே உதவும்.

அணைத்ததற்கும் காரணம் இருந்தது

அலட்சியம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடக் கூடாது. 2001-இன் ஃபயர்வாலை அப்படியே இயக்கி அனுப்பியிருந்தால் வீட்டு வலையமைப்புகள் நின்றுபோயிருக்கும். அதில் ஒரு போர்ட்டைத் திறந்தால் உலகம் முழுவதற்கும் திறக்கும். பக்கத்து அறைக் கணினிக்கு மட்டும் திறக்க வழியில்லை. ஆகவே கோப்புப் பகிர்வு, பிரின்டர் பகிர்வு வேண்டுமா, பாதுகாப்பு வேண்டுமா என்று இரண்டில் ஒன்றைத் தேர வேண்டியிருந்தது.

வேறு குறைகளும் உண்டு. கணினி எழும்போது நெட்வொர்க் முதலில் உயிர்பெறும், ஃபயர்வால் சேவை பின்னால் வரும். இடைப்பட்ட சில விநாடிகள் வாசல் திறந்தே கிடக்கும். ஐபிவி6 (ஐபிவி4-க்கு அடுத்த தலைமுறை இணைய முகவரி முறை) போக்குவரத்தை அது பார்ப்பதே இல்லை; அதற்கான வடிகட்டி 2003 ஜூலையில் தனித் தொகுப்பாகத்தான் வந்தது. முழுமையாக உருவாகாத கருவி என்பதால் அணைத்து வைத்தார்கள். அணைத்து வைத்ததால் யாரும் பயன்படுத்தவில்லை. யாரும் பயன்படுத்தாததால் எந்த மென்பொருள் நிறுவனமும் அதைக் கணக்கில் கொண்டு நிரல் எழுதவில்லை. இந்த மூன்றாவதற்கான விலையை 2004-இல் கட்ட வேண்டியிருந்தது.

சர்வீஸ் பேக் 2

2004 ஏப்ரல் 13 அன்று திருத்தம் வந்த இன்னொரு ஓட்டையை, 17 நாள் கழித்து சாசர் புழு, கோப்புப் பகிர்வுக்கான டிசிபி 445 வழியாகப் பயன்படுத்தியது. அதற்குள் எக்ஸ்பிக்கான பெரிய திருத்தத் தொகுப்பான சர்வீஸ் பேக் 2 வேலை நடந்துகொண்டிருந்தது. 2004 ஆகஸ்டில் அது வந்தபோது ஃபயர்வால் எல்லா இணைப்புகளிலும், ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும், இயங்கிய நிலையிலேயே வந்தது. பிணையத்தில் நிறுவுவதற்கான முழுக் கோப்பு சுமார் 266 எம்பி. 56 கே மோடத்தில் நொடிக்கு 5 கேபி கிடைத்தால் 15 மணி நேரம். மைக்ரோசாஃப்ட் அதைக் குறுவட்டிலும் கொடுத்தது.

'இயக்கிவிட்டார்கள்' என்பது பாதிச் செய்தி. இயக்க முடிகிற அளவுக்குக் கருவியை மாற்றினார்கள் என்பது மீதி. விதிவிலக்கு ஒவ்வொன்றுக்கும் எல்லை வந்தது: எல்லோருக்கும், இந்த சப்நெட்டுக்கு (அதாவது உள்வலைக்கு) மட்டும், குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டும். ஒரு கோப்புறையைப் பகிர்ந்தால் அதற்கான விதிவிலக்கு தானே இயங்கும், உள்வலைக்கு மட்டும். போர்ட் எண்ணுக்குப் பதிலாக நிரலின் பெயரில் அனுமதி தரலாம்; நிரல் ஓடும்போது திறக்கும், நின்றால் மூடும். கணினி எழும் நேரத்துக்கெனத் தனி விதி வந்தது: ஃபயர்வால் சேவை வரும்வரை பெயரிலிருந்து முகவரி கண்டறியும் டிஎன்எஸ், கணினிக்கு முகவரி தரும் டிஹெச்சிபி, அலுவலக நிர்வாக விதிகளான குரூப் பாலிசிக்கான தொடர்பு ஆகியவை மட்டும். அலுவலக வலையில் இருக்கும்போது ஒரு புரொஃபைல், வெளியே இருக்கும்போது வேறு. பொது இடத்தில் எல்லா விதிவிலக்குகளையும் ஒரே டிக்கில் நிறுத்திவைக்கலாம், பட்டியலை அழிக்காமலே.

ஃபயர்வாலை மட்டும் நம்பியிருக்கவும் இல்லை. ஆர்பிசி இடைமுகங்களை அடையாளம் காட்டாமல் அணுகுவதை அதே தொகுப்பு கட்டுப்படுத்தியது. விளம்பரச் செய்திகள் புகுந்துகொண்டிருந்த மெசஞ்சர் சேவையை அணைத்தது. பின்னால் இருக்கும் சேவையையும் இறுக்கிவிட்டு முன்னால் காவல் போட்டதுதான் இந்தத் தொகுப்பின் வலிமை என்பது எங்கள் கணிப்பு.

எவை உடைந்தன

தொலைவிலிருந்து கணினிகளை நிர்வகிக்கும் கருவிகள் முதலில் நின்றன. 135-ஐயும் 445-ஐயும் நம்பியிருந்த மேலாண்மைத் திரைகள், வைரஸ் எதிர்ப்பு மென்பொருளின் மையக் கட்டுப்பாடு எல்லாமே வெளியிலிருந்து உள்ளே வருபவை. சிறு அலுவலகங்களில் ஒரு கணினியில் தரவுத்தளத்தை வைத்து மற்றவற்றிலிருந்து இணையும் கணக்கு மென்பொருள்கள் நின்றன. கணினி உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் பிங்குக்குப் பதில் வராததால் கணினியே செத்துவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. 445 திறந்திருந்தால் மட்டும் பிங்குக்கும் பதில் வரும் என்பது அந்த ஃபயர்வாலின் ஒரு விசித்திரம்.

கண்டுபிடிக்கக் கடினமானது இன்னொன்று. வலையில் பிரின்டர் எங்கே என்று கணினி பிராட்காஸ்ட் (வலையில் உள்ள எல்லோருக்குமான செய்தி) அனுப்பித் தேடும்போது பதில் எந்த முகவரியிலிருந்து வரும் என்று ஃபயர்வாலுக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் 3 விநாடி மட்டும் பதில்களை உள்ளே விடும். மெதுவான கருவி நான்காவது விநாடியில் பதில் சொன்னால் அது பட்டியலில் வராது. ஒருநாள் தெரியும், மறுநாள் தெரியாது. விதியைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

மென்பொருள் விற்றவர்கள் பலர் இதற்குத் தந்த தீர்வு, நிறுவல் குறிப்பின் முதல் வரியில் 'ஃபயர்வாலை அணைக்கவும்' என்று எழுதுவது. தங்கள் நிரல் எந்தப் போர்ட்டைப் பயன்படுத்துகிறது என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. அதுவரை தெரிந்திருக்கத் தேவையும் இல்லை. இந்தப் பழக்கம் இன்றுவரை முழுதாக ஒழியவில்லை.

புதிய நிரல் ஒன்று இணைப்புக்குக் காத்திருக்கத் தொடங்கினால் பெட்டி ஒன்று தோன்றி 'தடையைத் தொடரவா, நீக்கவா, பிறகு கேட்கவா' என்று கேட்கும். எக்ஸ்பியில் ஏறக்குறைய எல்லோரும் நிர்வாகி உரிமையோடு உட்கார்ந்திருந்தார்கள். கேட்டவுடன் நீக்கினார்கள். அதைவிட எளிய வழியும் தீநிரல்களுக்கு இருந்தது: நிர்வாகி உரிமையில் ஓடும் நிரல், விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள அனுமதிப் பட்டியலில் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளலாம். வெளியே போகும் இணைப்புகளை இந்த ஃபயர்வால் வடிகட்டவும் இல்லை. இதை வைத்து 'போலிப் பாதுகாப்பு' என்று சிலர் சொன்னார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளே வந்துவிட்டவனைப் பிடிப்பது இதன் வேலை அல்ல. யாரும் எதையும் சொடுக்காமலே உள்ளே வரும் புழுவை நிறுத்துவதுதான் வேலை, அதைச் செய்தது.

'இந்த சப்நெட்டுக்கு மட்டும்' என்ற எல்லையே ஒருமுறை கவிழ்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சில டயல்-அப் மென்பொருள்கள் ரவுட்டிங் பட்டியலை (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியலை) எழுதிய விதத்தால், இணையம் முழுவதையும் உள்வலை என்று ஃபயர்வால் எடுத்துக்கொண்டது. கோப்புப் பகிர்வை வீட்டுக்கு மட்டும் என்று திறந்தவர் உலகத்துக்கே திறந்திருந்தார். 2004 டிசம்பரில் 886185 என்ற எண்ணில் திருத்தம் வந்தது. ஒரு விதி எழுதப்பட்டபடிதான் நடக்கிறதா என்பதை அந்தக் கணினியிலேயே உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. இன்னொரு வலையிலிருந்து என்மேப் போன்ற கருவியால் தட்டிப் பார்க்க வேண்டும்.

2008 நவம்பரில் கான்ஃபிக்கர் புழு வந்தபோது இந்த இயல்பு விதியின் பயனும் எல்லையும் ஒருசேரத் தெரிந்தன. மீண்டும் 445. பகிர்வு இயக்காத கணினியை அது வலை வழியாகத் தொட முடியவில்லை. பகிர்வுக்காகத் திறந்த அலுவலக வலைகளில் காட்டுத்தீயாய்ப் பரவியது. 2017 மே மாதத்தின் வான்னாகிரை புழுவும் பெரிதும் அதே கதவைத்தான் தட்டியது.

'போர்ட்டே திறந்திராவிட்டால் பூட்டு எதற்கு?'

எதிர்வாதங்களில் வலுவானது இது. லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் நிலைப்பாடு இதுதான்: நிறுவியவுடன் வெளியிலிருந்து அடையக்கூடிய சேவை எதுவும் ஓடக்கூடாது, டிஹெச்சிபி, உள்வலையில் கருவிகளைப் பெயரால் தேடும் எம்டிஎன்எஸ் போன்ற சில மட்டும் விலக்கு. யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவி 2008 ஏப்ரலில் வந்த 8.04 முதல் உடன் வருகிறது, ஆனால் அணைந்த நிலையில். எதுவும் காத்திருக்கவில்லையென்றால் தடுக்கவும் எதுவும் இல்லை. எக்ஸ்பியின் உண்மையான குற்றம் 135-ஐயும் 445-ஐயும் எல்லா இணைப்பிலும் திறந்துவைத்ததே என்பார்கள் இந்தத் தரப்பினர். சரிதான்.

ஆனால் 'நிறுவியவுடன்' என்ற சொல்லில்தான் ஓட்டை. 2024 செப்டம்பர் 26 அன்று வெளியான, லினக்ஸின் அச்சிடும் மென்பொருளான கப்ஸின் பிழைகளை எடுத்துக்கொள்வோம். பிரின்டர்களைத் தேடும் கப்ஸ்-பிரவுஸ்டு என்ற சேவை யுடிபி 631-இல் எல்லா முகவரிகளிலும் காத்திருந்தது. யார் அனுப்பும் பேக்கெட்டையும் (தரவுத் துண்டையும்) நம்பியது. உபுண்டு டெஸ்க்டாப்பில் அது இயல்பாகவே இருந்தது. 'திறந்த போர்ட் கிடையாது' என்ற கொள்கையை ஒரு துணைச் சேவை சத்தமின்றி மீறிவிட்டது. உள்வரும் போக்குவரத்தை மூடிய ஒரு விதி இருந்திருந்தால் அந்த மீறலுக்கு வெளியிலிருந்து பலன் கிடைத்திருக்காது.

இன்னொரு லினக்ஸான ஃபெடோரா வேறொரு சமரசத்தைத் தேர்ந்தது. 2014 டிசம்பரில் வந்த 21-ஆம் பதிப்பின் வொர்க்ஸ்டேஷனில் ஃபயர்வால் ஓடும், ஆனால் 1025 முதல் 65535 வரை டிசிபி, யுடிபி இரண்டும் திறந்திருக்கும். எந்த நிரலும் முரண்டு பிடிக்கக் கூடாது என்பது நோக்கம். தரவுத்தள மென்பொருள்களான மைஎஸ்க்யூஎல்லின் 3306, போஸ்ட்கிரெஸ்ஸின் 5432, மாங்கோடிபியின் 27017 ஆகிய மூன்றும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன. பயனரைத் தொந்தரவு செய்யாத விதிதான். தாக்குபவரையும் அதிகம் தொந்தரவு செய்யாது.

நிரல்களைக் கன்டெய்னர் எனும் தனிப் பெட்டிகளில் ஓடவிடும் டாக்கரைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று இருக்கிறது. யுஎஃப்டபிள்யூவில் 5432-ஐ மூடிவிட்டு, கன்டெய்னரை '5432:5432' என்று வெளியிட்டால் அது உலகத்துக்குத் திறந்தே இருக்கும். டாக்கர் எழுதும் முகவரி மாற்று விதி பேக்கெட்டை வந்தவுடனே திருப்பிவிடுகிறது. அது யுஎஃப்டபிள்யூ காவல் காக்கும் 'இன்புட்' சங்கிலிக்கு (கணினிக்கே வரும் பேக்கெட்டுகளுக்கான விதிவரிசைக்கு) வராமல் 'ஃபார்வர்டு' சங்கிலி வழியாகப் போய்விடுகிறது. அந்தக் கணினிக்குள் மட்டும் தெரியும்படி '127.0.0.1:5432:5432' என்று வெளியிடுவதே எளிய தீர்வு. வெளியே தெரிந்தாக வேண்டுமென்றால், டாக்கர் நமக்கென விட்டுவைத்திருக்கும் தனிச் சங்கிலியில் விதி எழுத வேண்டும்.

சர்வர்களில்

சர்வருக்கு இயல்பு விதி ஆபத்து என்று சொல்வோரின் பயம், தொலைவிலிருந்து நிறுவியவர் வெளியே பூட்டப்படுவது. மைக்ரோசாஃப்ட்டும் 2005-இல் தயங்கியது. சர்வர் 2003 சர்வீஸ் பேக் 1-இல் ஃபயர்வால் அணைந்தே வந்தது; ஆனால் புதிதாக நிறுவினால், திருத்தங்களைப் போட்டு நிர்வாகி ஒப்புதல் தரும்வரை உள்வரும் எல்லாம் மூடியிருக்கும். அந்த 20 நிமிடச் சிக்கலுக்கு நேரான, அழகான விடை. 2008 பதிப்பில் ஃபயர்வால் இயங்கியே வந்தது. சர்வர் செய்யும் பணியான ஒரு ரோலைச் சேர்த்தால் அதற்கான விதியும் கூடவே திறந்தது. தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் நிறுவி மட்டும் 1433-ஐத் திறப்பதில்லை, அதை நாம்தான் செய்ய வேண்டும். ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 முதல் ஃபயர்வால்டி என்ற ஃபயர்வால் சேவை இயங்கியே வருகிறது. தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் திறந்திருக்கும், அதனால் பூட்டப்படும் பயம் இல்லை.

அணைந்து வரும் சர்வரில் நாமே இயக்கும்போது வரிசை முக்கியம். எஸ்எஸ்ஹெச் எந்தப் போர்ட்டில் ஓடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இயல்பான 22-ஐ மாற்றியவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தப் போர்ட்டை அனுமதித்த பிறகு, 5 நிமிடத்தில் ஃபயர்வாலை அணைக்கும் வேலையொன்றை முன்கூட்டியே நேரம் குறித்து வைத்துவிட்டு இயக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் இணைப்பு அறுபடாது, ஏனென்றால் நிலைபெற்ற இணைப்புகளுக்கு விதி வழிவிடும். இதுதான் ஏமாற்றும். பழைய சாளரத்தை மூடாமல் புதிய சாளரத்தில் உள்நுழைந்து பார்த்த பிறகே அந்த 5 நிமிட வேலையை ரத்து செய்ய வேண்டும். ஃபயர்வால்டியில் நிரந்தரம் என்று குறிக்காத மாற்றம் மறுஏற்றத்தில் மறைந்துவிடும். சிலருக்கு அது தலைவலி. சோதிப்பவருக்கு அது வசதி.

கையால் எழுதும் விதிகள் அதிகம் தவறுவது, வலையின் பிழைச் செய்திகளைக் கொண்டுசெல்லும் ஐசிஎம்பியில். 'எல்லாவற்றையும் மூடு' என்று எழுதுபவர் அதையும் மூடிவிடுகிறார். ஐபிவி4-இல் வகை 3, குறியீடு 4 வராவிட்டால் பேக்கெட் பெரிதாக இருக்கிறது என்ற செய்தி அனுப்பியவரைச் சேராது. சிறு பக்கங்கள் திறக்கும், பெரிய பதிவிறக்கம் பாதியில் உறைந்து நிற்கும். ஐபிவி6-இல் அதே வேலை வகை 2-க்கு. கூடவே 133 முதல் 136 வரையிலான வகைகளை மூடினால் பக்கத்துக் கணினியின் முகவரியையே கண்டுபிடிக்க முடியாமல் ஐபிவி6 மொத்தமாக நின்றுவிடும். இயங்குதளத்தோடு வரும் விதித்தொகுப்பு இவற்றைச் சரியாகவே வைத்திருக்கும். இயல்பு விதிகளுக்கு ஆதரவாக இதைப் பலர் சொல்வதில்லை; எங்களுக்கு இது முதல் மூன்று காரணங்களில் ஒன்று.

இப்போதைய விண்டோஸில் அனுமதி கேட்கும் பெட்டியை ரத்து செய்தால் அது சும்மா மறைவதில்லை. அந்த நிரலுக்கு ஒரு தடை விதி எழுதப்படுகிறது. பிறகு எத்தனை அனுமதி விதி சேர்த்தாலும் தடையே வெல்லும். 'விதி போட்டும் வேலை செய்யவில்லை' என்ற புகாரில் முதலில் உள்வரும் விதிகளை நிரல் பெயரால் வரிசைப்படுத்தி, சிவப்புக் குறியோடு ஒன்று இருக்கிறதா என்று பார்த்து அதை அழிக்க வேண்டும். கோப்புறை பகிர்வுக்கான விதியும் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் மாறிவிட்டது: பகிர்ந்தால் 445 திறக்கும், பழைய நெட்பயாஸின் 137 முதல் 139 வரை இனித் திறப்பதில்லை. கோப்புப் பகிர்வின் பழைய முறையான எஸ்எம்பி1-ஐ மட்டுமே அறிந்த பழைய ஸ்கேனரோ என்ஏஎஸ் என்ற வலைச் சேமிப்பகமோ வைத்திருப்பவர்கள், அந்தப் போர்ட்டுகளை அவர்களே, அந்தக் கருவியின் முகவரிக்கு மட்டும் திறந்துகொள்ளலாம்.